“இன்னும் பறக்குமா?” என்று கேட்பதற்கு முன்னால்

அறைக்குள் ட்ரோன் மோதி விழுந்ததும் முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான்: “இன்னும் பறக்குமா?” கல்லூரி விடுதியாக இருக்கலாம், வீட்டு ஹாலாக இருக்கலாம். எஃப்450 என்ற நான்கு கை கொண்ட சட்டத்தில் (ஃபிரேம்) முதல்முறையாகக் கட்டிய, நான்கு புரொப்பெல்லர் உள்ள குவாட்காப்டர் சுவரில் அடித்துக் கட்டிலுக்கடியில் போய் விழுந்ததும் கூட நின்றவர்கள் எல்லோரும் அதை எடுக்கத்தான் குனிகிறார்கள். உடைந்த புரொப்பெல்லரைக் கழற்றி வேறொன்றை மாட்டுகிறார்கள், அதே பேட்டரியைச் செருகுகிறார்கள், மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கிறார்கள். இந்த அவசரம்தான் நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. முதல் மோதலில் உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். விரல் கிழிவது, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி புகைவது, மெத்தையில் தீப்பிடிப்பது எல்லாம் அதற்கடுத்த பத்து நிமிடங்களில் நடக்கின்றன. இணையத்தில் முதல் விபத்தைத் தவிர்ப்பது பற்றி வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. இரண்டாவது விபத்தைப் பற்றித்தான் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பயம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1045 புரொப்பெல்லர் என்றால் 10 அங்குல விட்டம், 4.5 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம்). 920 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று) மோட்டாரில், 3எஸ் (மூன்று செல்) பேட்டரியில், நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இறக்கை நுனியின் வேகம் நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 285 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு இறக்கை என்பதால் ஒரே இடத்தை நொடிக்கு 200 முறை கடக்கிறது. கை சுதாரித்துப் பின்வாங்க ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் நாற்பது வெட்டுக்கு நேரமிருக்கிறது. ட்ரோன் காயம் ஒற்றைக் கோடாக இல்லாமல் அடுத்தடுத்த இணைக்கோடுகளாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சிறியது என்றாலும் இதே கதைதான்: 2014 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், ஓர் உணவகத்துக்குள் விளம்பரத்துக்காகப் பறக்கவிட்ட சிறு ட்ரோன், படமெடுக்க வந்த பத்திரிகைப் புகைப்படக்காரரின் மூக்கைக் கிழித்தது. ஓட்டத் தெரிந்தவர் கையில்தான் ரிமோட் இருந்தது.

அறைக்குள் காற்றடிக்காது, அதனால் சுலபம் என்று நினைப்பதும் தவறு. 1.2 கிலோ எடையுள்ள எஃப்450 அந்தரத்தில் நிற்க, நொடிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். 10க்கு 10 அடி அறை, 10 அடி உயரக் கூரை என்றால் உள்ளே இருக்கும் காற்று மொத்தமே 28 கன மீட்டர்தான். அரை நிமிடத்துக்குள் அறையின் காற்று முழுவதும் ஒருமுறை புரொப்பெல்லர்களுக்குள் போய் வந்துவிடுகிறது. அது தரையில் அடித்து, நாலா பக்கமும் பரவி, சுவரில் ஏறி, மேலிருந்து ட்ரோன் மீதே திரும்பி விழுகிறது. சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்க இறக்கைகளுக்குக் கிடைக்கும் காற்று மாறி, சுவரை நோக்கியே சாய்கிறது. கூரைக்கு அருகே போனால் மேலே உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. ஜிபிஎஸ் கிடைக்காது. சுவருக்குள் இருக்கும் கம்பியும் பக்கத்தில் நிற்கும் இரும்பு பீரோவும் திசைகாட்டியைக் குழப்பும். கதவைப் படாரென்று சாத்தினால் உயரம் காட்டும் அழுத்தமானிகூடத் துள்ளும். பளபளக்கும் ஒரே நிற டைல்ஸ் தரையில், கீழ்நோக்கிய கேமராவை நம்பும் ட்ரோன்களும் நழுவும். அறைக்குள் பழக வேண்டுமானால் அதற்கென்றே 65 மி.மீ. அளவில், 31 மி.மீ. புரொப்பெல்லரைச் சுற்றி வளையம் வைத்த, 30 கிராமை ஒட்டிய எடையுள்ள குட்டி ட்ரோன்கள் இருக்கின்றன. பத்து அங்குல இறக்கைக்கு அறைக்குள் வேலையில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

விழுந்த முதல் நிமிடம்

ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ரிமோட்டுகளில் த்ராட்டில் குச்சிக்கு ஸ்பிரிங் இல்லை. விட்ட இடத்திலேயே நிற்கும். ட்ரோன் சுவரில் அடித்ததும் புதிதாக ஓட்டுபவர் பதறிப்போய் ரிமோட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஓடுகிறார். த்ராட்டில் பாதியில் நிற்கிறது. ட்ரோன் தலைகீழாகக் கிடக்கிறது. ஒரு இறக்கை கட்டில் காலில் சிக்கி நின்றுவிட்டதால் எல்லாம் ஓய்ந்துவிட்டது போலத் தோன்றுகிறது. உண்மையில் ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் இன்னும் ஆர்ம் ஆகித்தான், அதாவது மோட்டாரைச் சுற்றும் நிலையில்தான், இருக்கிறது. தான் சாய்ந்திருப்பதை உணர்ந்து, நிமிர்வதற்காக அந்த மோட்டாருக்கே அதிகபட்சக் கட்டளையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சட்டத்தைப் பிடித்துத் தூக்கியதும் இறக்கை கட்டில் காலிலிருந்து விடுபடுகிறது. அந்தக் கணத்தில்தான் விரல் போகிறது.

ஆகவே வரிசை மாறக்கூடாது. த்ராட்டில் முழுக்கக் கீழே. பிறகு அதே குச்சியை இடது ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து டிஸ்ஆர்ம் செய்ய வேண்டும். கேகே2, ஏபிஎம், பிக்ஸ்ஹாக் என்ற மூன்று கன்ட்ரோலர் பலகைகளிலும் வழக்கம் இதுதான். தனி சுவிட்ச் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் பிக்ஸ்ஹாக்கில் ஒரு சேனலின் ஆப்ஷன் எண்ணை 31 என்று வைத்தால் அந்த சுவிட்ச் மோட்டார்களை உடனே நிறுத்தும். டிஸ்ஆர்ம் ஆனதை விளக்கிலோ திரையிலோ பார்த்த பிறகு, ஓட்டுபவர் வாய்விட்டு “ஆஃப்” என்று சொல்ல வேண்டும். அதுவரை யாரும் குனியக்கூடாது. பேட்டரி கழறும்வரை ரிமோட் ஆனிலேயே, ஓட்டுபவர் கையிலேயே இருக்கட்டும். சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் அமைக்காத சில ரிசீவர்கள், ரிமோட் அணைந்ததும் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். ரிமோட்டைத் தரையில் நிமிர்த்தி வைப்பதும் ஆபத்து. முகங்குப்புற விழுந்தால் த்ராட்டில் மேலே போய்விடும். எடுக்கும்போது நடுத்தகட்டை மேலிருந்து உள்ளங்கையால் தரையோடு அழுத்திக்கொண்டு, எக்ஸ்டி60 இணைப்பானின் மஞ்சள் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. புதிய எக்ஸ்டி60 மிகவும் இறுக்கமாக இருக்கும். அவசரத்தில் ஒரு கையால் வராது. பறக்கவிடும் முன்பே நாலைந்து முறை செருகிக் கழற்றித் தளர்த்தி வைப்பது இதற்காகத்தான். எதைச் செய்தும் மோட்டார் நிற்கவில்லையென்றால் எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். மோட்டார் எரிந்தால் எரியட்டும்.

காயம் பட்டிருந்தால்

ட்ரோனை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். சுத்தமான துணியை நேரே காயத்தின் மேல் வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கை இதயத்துக்கு மேலே இருக்கட்டும். மஞ்சள் தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மருத்துவர் முதலில் அதைத்தான் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அது கிருமித்தொற்றுக்கும் வழி. ரத்தம் நின்றதும் இரண்டு சோதனைகள்: ஒவ்வொரு விரல் கணுவும் தானாக மடங்கி நீள்கிறதா, விரல் நுனியின் இரண்டு பக்கமும் தொடு உணர்வு இருக்கிறதா. ஒன்று இல்லையென்றாலும் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். வெளியே தெரியும் வெட்டு சின்னதாக இருக்கிறதே என்று விடக்கூடாது, அன்றைக்கே கை அறுவை சிகிச்சை தெரிந்தவரிடம் போக வேண்டும். கூட வந்த ஒருவர் உடைந்த புரொப்பெல்லர்த் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். ஒரு துண்டு குறைந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நைலான் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், சொன்னால்தான் அல்ட்ராசவுண்டில் தேடுவார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கண்ணில் பட்டிருந்தால் அழுத்தவும் கூடாது, கழுவவும் கூடாது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தும் கூடாது. ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பில் அமரும்படி ஒட்டிவிட்டு, சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் நேராகக் கண் மருத்துவமனைக்கு. வண்டி இல்லையென்றால் 108.

பேட்டரி முதலில் வெளியே போகட்டும்

3எஸ் 2200 எம்ஏஎச் பேட்டரிக்குள் 24 வாட்-மணிக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. எஃப்450-இல் அது பெரும்பாலும் வயிற்றுக்கடியில் ஒரு வெல்க்ரோ பட்டியில் தொங்குகிறது, கட்டில் முனையோ மேசை விளிம்போ முதலில் குத்துவது அதைத்தான். உறையில் பள்ளம், உப்பல், தொட்டால் சூடு, நகப்பூச்சு நீக்கியைப் போன்ற இனிப்பு நெடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பேட்டரியின் வேலை முடிந்தது. ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் அறைக்குள் வைக்காதீர்கள். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ, வெயில் படாத இடத்தில், மணல் நிரப்பிய மண் தொட்டியில் வையுங்கள், பக்கத்தில் துணி உலர்த்தியிருக்கக்கூடாது. உள்ளே ஏற்பட்ட ஷார்ட் சில நேரம் அரை மணி கழித்தோ சில மணி கழித்தோதான் தீயாக மாறும். விடுதிகளில் கட்டிலுக்கடியில் பேட்டரி வைக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. சீறும் சத்தமோ புகையோ வர ஆரம்பித்துவிட்டால் கையில் எடுக்கவே கூடாது. புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு இருக்கும். அறையை விட்டு வெளியேறுவதுதான் முதல் வேலை. தள்ளி நின்று ஊற்ற முடிந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம், சூட்டைத் தணிக்க அது உதவும்.

தப்பித்ததாகத் தோன்றும் பேட்டரிக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஒயர் உள்ள பேலன்ஸ் இணைப்பில் மூன்று செல்களின் வோல்ட்டையும் தனித்தனியே அளந்து, பேட்டரி மேல் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். மறுநாள் மறுபடி அளக்கும்போது மற்ற இரண்டும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் 0.05 வோல்ட் இறங்கியிருந்தாலும் அது உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். சார்ஜ் ஏறுகிறதா பார்ப்போம் என்று சோதிப்பதைவிட மோசமான சோதனை கிடையாது. அடிபட்ட செல்லுக்குள் ஆற்றலை ஏற்றுவது தீக்கு விறகு சேர்ப்பது.

21 வாட் பல்பு

பழுது பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த கருவி, ஆட்டோமொபைல் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் கார் இண்டிகேட்டர் பல்பு. 12 வோல்ட், 21 வாட், ஒற்றை இழை. ஒரு ஆண், ஒரு பெண் எக்ஸ்டி60 வாங்கி, கறுப்பு ஒயரை நேராக இணைத்து, சிவப்பு ஒயரை நடுவில் வெட்டி அந்த வெட்டுக்கு நடுவே பல்பைச் சால்டர் செய்துவிட வேண்டும். விபத்துக்குப் பின் பேட்டரியை முதல்முறை செருகும்போது இதன் வழியாகத்தான் செருக வேண்டும், அதுவும் அடிபடாத வேறொரு 3எஸ் பேட்டரியை. ட்ரோனுக்குள் ஷார்ட் இல்லையென்றால் இஎஸ்சிகளின் கெபாசிட்டர்கள் நிரம்பும் அந்த ஒரு கணம் மட்டும் பல்பு மின்னி, பிறகு அணைந்துவிடும் அல்லது மங்கிவிடும். பளிச்சென்று விடாமல் எரிந்தால் எங்கோ ஷார்ட். நேராகச் செருகியிருந்தால் பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ச்சியிருக்கும். பல்பு அதை இரண்டு ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்துகிறது. கழற்ற நேரம் கிடைக்கிறது. பல்பு கடுமையாகச் சுடும் என்பதையும், பல்பு வழியாக மோட்டாரைச் சுற்ற முயலக்கூடாது என்பதையும் மட்டும் நினைவில் வைத்தால் போதும். மோட்டார் சுற்ற ஆரம்பித்தால் வோல்ட் சரிந்து இஎஸ்சி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்.

பல்புக்கு முன்னால் மல்டிமீட்டர். பேட்டரி இணைப்பானின் கூட்டல் முனைக்கும் கழித்தல் முனைக்கும் நடுவே பீப் சத்தம் நிற்காமல் வந்தால் ஷார்ட். பிறகு ஒவ்வொரு இஎஸ்சியிலும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, மூன்று மோட்டார் ஒயர்களையும் சிவப்போடும் கறுப்போடும் தனித்தனியே அளக்க வேண்டும். மூன்று அளவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்த இஎஸ்சியில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் போய்விட்டது. இறக்கை சிக்கி நின்ற மோட்டாரின் இஎஸ்சிதான் பெரும்பாலும் இப்படிப் போகும். எஃப்450-இன் கீழ்த்தகடே மின்பகிர்வுப் பலகையாகவும் இருப்பதால், மோதிய அதிர்ச்சியில் அதில் உள்ள சால்டர் இணைப்புகள் விரிசல் விடும். ஒயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆடுகிற இணைப்பை உருக்கி மறுபடி வைக்க 60 வாட் அயர்ன் வேண்டும். 25 வாட் அயர்னில் தகடு சூட்டை உறிஞ்சி மேலோட்டமாகத்தான் ஒட்டும். ஃப்ளைட் கன்ட்ரோலரை இணைக்கும் முன் இஎஸ்சியின் மெல்லிய சிவப்பு ஒயரில் 5 வோல்ட்தான் வருகிறதா என்றும் அளந்துவிட வேண்டும். வோல்ட்டை 5 ஆகக் குறைத்துத் தரும் பிஇசி கெட்டு, பேட்டரி வோல்ட் அப்படியே வந்தால் கன்ட்ரோலரும் ரிசீவரும் ஒன்றாகப் போகும்.

மோட்டாரைக் கையால் சுற்றும்போது காந்தத்தின் சீரான தடங்கல் மட்டுமே விரலில் தெரிய வேண்டும். மணல் அரைப்பது போன்ற கரகரப்பு என்றால் பேரிங். மணி போன்ற வெளிக்கூடு தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கிறது. அதைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தப் பார்ப்பது வீண். கூட்டுக்கும் சுருளுக்கும் நடுவே கம்பளி நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அறைக்குள் விழுந்த ட்ரோன்களில் இது சர்வசாதாரணம். சட்டத்தின் உடைந்த கையை மாற்றும்போது திருகு விஷயத்தில் கவனம் தேவை. கையில் கிடைத்த நீளமான எம்3 திருகைப் போட்டால் நுனி உள்ளே போய்ச் சுருளைத் தொட்டு, நன்றாக இருந்த மோட்டாரைக் கொன்றுவிடும். போட்ட பிறகு சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே பீப் வரவில்லை என்று சரிபாருங்கள். புரொப்பெல்லரில் வெள்ளைக் கோடு தெரிந்தாலே குப்பைக்கு. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய இறக்கை அடுத்த முறை எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே பல்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இனி வேண்டாம் என்று ஒதுக்கிய, ஆனால் உப்பாத, சூடாகாத பேட்டரியைத் திறந்தவெளியில் வைத்து, பல்பை நேரடியாக அதன் இரு முனைகளிலும் இணைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். பல்பு அணைந்த பிறகும் இணைப்பை எடுக்காமல், வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை விட்டு, பிறகு மின்கழிவு சேகரிப்பில் கொடுக்கலாம். உப்புத் தண்ணீரில் போடச் சொல்கிறார்களே என்றால், முனைகள் அரித்துப் போய் மின்னோட்டம் நின்றுவிடும், உள்ளே ஆற்றல் மிச்சமிருக்கும்.

கவிழ்ந்தது ஏன்

பாகங்களை மாற்றிவிட்டு, விழுந்த காரணத்தைத் தேடாமல் விட்டால் அடுத்த பறப்பும் அதே கட்டிலுக்கடியில்தான் முடியும். தரையை விட்டு எழும்பும்போதே ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது என்றால், ஓட்டுபவரின் கையைக் குறை சொல்வதற்கு முன் மோட்டார் எண்களைப் பாருங்கள். கேகே2 பலகையில் முதல் மோட்டார் முன் இடது. பிக்ஸ்ஹாக்கிலும் ஏபிஎம்மிலும் முன் வலது. பீட்டாஃப்ளைட் மென்பொருள் ஓடும் பலகையில் பின் வலது. ஒரு பலகைக்கான வீடியோவைப் பார்த்து இன்னொரு பலகையில் ஒயரைச் செருகுகிறார்கள், கவிழாமல் என்ன செய்யும்? அடுத்தது சுற்றும் திசை: எதிரெதிர் மூலை இரண்டும் ஒரே திசை, பக்கத்து மூலை எதிர்த்திசை. திசை தவறினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். மூன்றாவது, இறக்கையின் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும். நான்காவது, பலகையின் அம்புக்குறி முன்பக்கம் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் புரொப்பெல்லர் இல்லாமலேயே சோதித்துவிடலாம். மோட்டார் கூட்டில் சின்ன டேப் கொடி ஒட்டினால் சுற்றும் திசை தெரியும். ஆர்ம் செய்து த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, சட்டத்தைக் கையில் பிடித்து வலப்பக்கம் தாழ்த்தினால் வலப்பக்க மோட்டார்கள் வேகமெடுக்க வேண்டும். முன்பக்கம் தாழ்த்தினால் முன்பக்க மோட்டார்கள். மாறி நடந்தால் எண்ணோ அம்புக்குறியோ தவறு. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல், புரொப்பெல்லர் மாட்டிய ட்ரோனை நாலு மூலையிலும் கயிறு கட்டி அறைக்குள் சோதிக்கும் வழக்கம் பல பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கயிறு இழுத்துப் பிடித்திருக்கும்போது, சாய்வைச் சரிசெய்ய கன்ட்ரோலர் கொடுக்கும் கட்டளை பலிக்காது. பலிக்காத பிழையை அது கூட்டிக்கொண்டே போகும், மோட்டார் வேகமும் ஏறிக்கொண்டே போகும். கயிறு சற்றுத் தளர்ந்ததும் சேர்ந்த அத்தனையும் ஒரே அடியாக வெளிப்படும். நண்பர் ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் த்ராட்டில் ஏற்றுவதும் இதே கணக்குதான், கயிறு இருந்த இடத்தில் நண்பரின் முகம் இருக்கிறது.

மறுபடி பறப்பது வெளியில்தான். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. எஃப்450 அதில்தான் வருகிறது, எனவே வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி தேவைப்படாத பகுதியா) என்று பார்த்துவிட்டுப் போங்கள். போகும் முன் ரசமட்டம் வைத்துச் சமமான தரையில், சாய்வை உணரும் ஆக்சிலரோமீட்டரைக் கேலிப்ரேட் செய்யுங்கள். திசைகாட்டியைக் கட்டடத்தை விட்டு வெளியே வந்த பிறகு. புரொப்பெல்லரை மைதானத்தில்தான், கடைசியாகத்தான் மாட்ட வேண்டும். ஓட்டுபவர் ஐந்து மீட்டராவது பின்னால், மற்றவர்கள் அவருக்கும் பின்னால். தரைக்கருகே தத்தளிக்கவிடாமல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, முப்பது நொடி நிறுத்தி, இறக்குங்கள். டிஸ்ஆர்ம் செய்து, பேட்டரியைக் கழற்றிய பிறகு நான்கு மோட்டாரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் சுட்டெரிப்பதாகவும் இருந்தால், அந்த ஒன்றில் பேரிங்கோ தண்டோ மேசையில் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. அதை மாற்றும்வரை புரொப்பெல்லர்கள் பையிலேயே இருக்கட்டும்.